கேமராவின் ஃபிளாஷை ஏன் அணைக்கிறீர்கள்?

புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்குத் தவறாமல் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு: கேமராவோடு வரும் ஃபிளாஷைத் திறக்கவே கூடாது, அது படத்தைக் கெடுத்துவிடும். புகைப்பட வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். யூடியூபில் கேமரா பாடம் நடத்துகிறவர்களும் சொல்கிறார்கள். காரணம் இல்லாமலும் சொல்லவில்லை. பாட்டியின் முகம் வெளுத்துப்போகிறது, நெற்றி பளபளக்கிறது, பின்சுவரில் தலையின் நிழல் அழுத்தமாக விழுகிறது, குழந்தையின் கண் சிவக்கிறது, கூடத்தின் மறுபாதி இருட்டாகிவிடுகிறது. இத்தனை குறைகளும் உண்மை. வீட்டு ஆல்பங்களில் சாட்சி நிறைய இருக்கிறது. ஆனால் இவற்றை வைத்துச் சொல்லப்படும் தீர்ப்பு பிழையானது என்பதே என் வாதம். இந்தக் குறைகளில் பெரும்பாலானவை ஃபிளாஷ் அறையின் ஒரே விளக்காக வேலை செய்யும்போது வருபவை. அறையின் சொந்த வெளிச்சத்தையும் படத்துக்குள் வரவிட்டு, ஃபிளாஷை அதற்குத் துணையாக அளந்து கொடுத்தால், அதே சின்ன விளக்கு வீட்டுப் படங்களுக்குப் பேருதவி செய்கிறது. அதை அணைத்தே வைக்கச் சொல்லும் பழக்கத்தால் நம் வீடுகள் இழப்பது கொஞ்சமல்ல. கலங்கி மங்கிப்போன படங்களில் இருப்பவர்கள் இன்னொரு முறை அதே வயதில் அதே கூடத்தில் வந்து உட்காரப் போவதில்லை.

இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 1975-இல் கோனிக்கா நிறுவனம் சி35 இஎஃப் என்ற கையடக்கமான 35 மிமீ கேமராவில் மின் ஃபிளாஷை உள்ளேயே பொருத்தி விற்றது. பிறகு வந்த ஆண்டுகளில் வீட்டுக்கான கேமரா என்றாலே ஃபிளாஷ் உள்ளே இருக்கும் என்றாகிவிட்டது. அவற்றில் போட்ட ஃபிலிமின் ஒளியுணர்வை அளக்கும் எண்ணான ஐஎஸ்ஓ பெரும்பாலும் 100 அல்லது 200. இரவில் ஒரு டியூப் லைட் எரியும் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் சுமார் 100 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில், எஃப் 5.6 திறப்பில், அந்த வெளிச்சத்தை மட்டும் கொண்டு படம் எடுக்க ஷட்டர் முக்கால் வினாடிக்கு மேல் திறந்திருக்க வேண்டும். கையில் பிடித்து எடுக்கும் கேமரா ஃபிளாஷோடு 1/60 வினாடி போலத்தான் திறந்தது. அதாவது அறையின் வெளிச்சத்தில் படத்துக்குள் நுழைந்தது தேவையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். மீதி முழுவதையும் ஃபிளாஷ் ஒன்றே தர வேண்டியிருந்தது. அதன் ஒளி எட்டிய இடம் வரை முகங்கள் வெளுத்தன, எட்டாத இடம் கறுத்தது. அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்து ஃபிளாஷ் கெடுக்கும் என்று சொன்னவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள்; அவர்களைக் குறைசொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஃபிலிம் போய்விட்ட பிறகும் அதே வாக்கியத்தை ஒரு சொல்கூட மாற்றாமல் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

ஏனென்றால் கணக்கே மாறிவிட்டது. இன்றைய எளிய டிஜிட்டல் கேமராவிலும் ஐஎஸ்ஓ 1600 என்பது தயங்காமல் வைக்கக்கூடிய அளவு. அதே கூடம், அதே 100 லக்ஸ், அதே எஃப் 5.6. இப்போது அறை வெளிச்சத்துக்கு மட்டும் தேவைப்படுவது 1/20 வினாடி. ஷட்டரை 1/30-இல் வைத்தால் தேவையான வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை அறையே கொடுத்துவிடுகிறது; ஐஎஸ்ஓ 800 என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஃபிளாஷ் நிரப்ப வேண்டியது எஞ்சிய பங்கை மட்டும்தான். பின்னால் இருக்கும் சுவர், கொலுப்படி, பரணில் இருக்கும் பித்தளைப் பாத்திரம் எல்லாம் அறை வெளிச்சத்திலேயே படத்தில் தெரியும். குகைபோன்ற கறுப்பு போய்விடும். சுவரில் விழும் நிழலின் மேலும் அறை வெளிச்சம் விழுவதால் அது இளகிவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. உள்ளமைந்த ஃபிளாஷின் வலிமையை வழிகாட்டி எண் என்று அளப்பார்கள். ஐஎஸ்ஓ 100-இல் அது மீட்டர் கணக்கில் 7 முதல் 12 வரை இருக்கும். 9 என்று கொண்டால், ஐஎஸ்ஓ 100-இல் எஃப் 5.6-க்கு அது எட்டும் தூரம் 1.6 மீட்டர்தான். ஐஎஸ்ஓ 1600-இல் நான்கு மடங்காகி 6.4 மீட்டர். இரண்டு மீட்டரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அதன் முழு வலிமையில் பத்தில் ஒரு பங்கு போதும். கண் கூசுவது குறைகிறது, அடுத்த படத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, பேட்டரியும் நீடிக்கிறது. ஐஎஸ்ஓவைக் கூட்டுவதும் ஃபிளாஷைப் போடுவதும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்பதுபோல் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் உள்ளறையில் படம் உருப்படும்.

எதிர்த்தரப்பு தரும் மாற்று என்ன? ஃபிளாஷை அணை, ஐஎஸ்ஓவை இன்னும் ஏற்று என்பது. அதே கூடத்தில் ஓடித்திரியும் ஐந்து வயதுக் குழந்தையை நிறுத்திப் பிடிக்க 1/250 வினாடியாவது வேண்டும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை முகம் நிறையும் அளவுக்கு இழுத்தால் திறப்பு எஃப் 5.6 ஆகிவிடும். அந்த இரண்டையும் 100 லக்ஸில் சமாளிக்க ஐஎஸ்ஓ ஏறத்தாழ 20,000 வேண்டும். சரி, அவ்வளவு உயர்ந்த ஐஎஸ்ஓவில் படமெங்கும் வரும் புள்ளிக்கோலத்தையும் இன்றைய மென்பொருள்கள் துடைத்துவிடும் என்பார்கள், துடைக்கவும் செய்கின்றன. ஆனால் ஷட்டரை வேகப்படுத்தும்போது நம் ஊர் மின்சாரம் குறுக்கே வருகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தில் சோக்கு போட்ட டியூப் லைட் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைந்து எரிகிறது. மலிவான எல்இடி விளக்குகளில் பலவும் அப்படித்தான். 1/250 வினாடியில் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும், சில சமயம் ஒரே படத்தில் பட்டைபட்டையாகவும் வரும். 1/50, 1/25 என்று மெதுவாக வைத்தால் பட்டை வராது, குழந்தை கலங்கிவிடும். ஃபிளாஷ் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. அதன் மின்னல் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு வினாடிதான் நீடிக்கிறது, வலிமை குறையக் குறைய இன்னும் குறுகுகிறது. ஷட்டர் 1/30-இல் திறந்திருந்தாலும் முகத்தின் கூர்மையான பதிவு அந்த நொடிப்பொழுதில் நிகழ்ந்துவிடும். வேகமாகக் கையை வீசினால் கூரான உருவத்தைச் சுற்றி மெல்லிய கலங்கல் ஒன்று தெரியும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அது தொந்தரவாகப் பட்டால் ஷட்டரை 1/60 ஆக்கினால் போதும்.

இதைவிட முக்கியமானது, ஐஎஸ்ஓ வெளிச்சத்தின் அளவைத்தான் ஏற்றுகிறது என்பது. வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, எந்த நிறத்தில் விழுகிறது என்பதை அது தொடுவதே இல்லை. நம் வீடுகளில் விளக்கு சுவரின் உச்சியிலோ கூரையிலோ இருக்கிறது. மேலிருந்து விழும் ஒளியில் கண்குழிகள் இருண்டுவிடுகின்றன, மூக்கின் கீழும் தாடையின் கீழும் நிழல் படிகிறது, வயதானவர்கள் இன்னும் களைத்தவர்களாகத் தெரிகிறார்கள். அந்தப் படத்தை எத்தனை மடங்கு வெளிச்சமாக்கினாலும் கண்குழி கண்குழியாகவே இருக்கும். லென்ஸுக்குச் சற்று மேலே, ஏறக்குறைய பார்ப்பவரின் கண்மட்டத்திலிருந்து வரும் ஃபிளாஷ் அந்தக் குழிகளுக்குள் நேராகப் போய் விழுகிறது. கருவிழியில் ஒரு சின்ன ஒளிப்புள்ளியையும் வைக்கிறது. முகத்துக்கு உயிர் வருவதில் பாதி அந்தப் புள்ளியால்தான். நிறத்தின் கதையும் இதேதான். மலிவான எல்இடியிலும் பழைய டியூப் லைட்டிலும் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. மாநிறமும் கறுப்புமான தோலின் அழகெல்லாம் அந்தச் சிவப்பில் இருக்கிறது; அது இல்லாதபோது தோல் சாம்பல் பூத்தோ பச்சை தட்டியோ தெரிகிறது. கேமரா ஃபிளாஷில் இருக்கும் செனான் குழாயின் ஒளி பகல் வெளிச்சத்தைப் போல் எல்லா நிறங்களையும் தொடர்ச்சியாகக் கொண்டது. ஃபிளாஷ் தோலின் நிறத்தைக் கெடுக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறார்களே, நம் கூடங்களில் உண்மை அதற்கு நேர்மாறு. அளவோடு விழும் ஃபிளாஷ்தான் நம் தோலுக்கு அதன் நிறத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அரக்குப் பட்டுக்கும் மருதாணிக்கும் குங்குமத்துக்கும்கூட இது பொருந்தும்.

அடுத்த ஆலோசனை, 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொள் என்பது. விலையும் அதிகமில்லை, ஒளியும் எஃப் 5.6-ஐப் போல் பத்து மடங்கு உள்ளே வரும். ஒருவரை மட்டும் எடுப்பதற்கு நல்ல கருவி; அதை நான் மறுக்கவில்லை. குடும்பப் படம் ஒருவரைப் பற்றியது இல்லையே. ஏபிஎஸ்-சி அளவு சென்சார் உள்ள கேமராவில் அந்த லென்ஸை முழுவதும் திறந்து இரண்டு மீட்டரில் இருப்பவரைக் குவியப்படுத்தினால், முன்னும் பின்னுமாகக் கூராக இருப்பது மொத்தம் 12 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். தாத்தாவின் கண் தெளிந்தால் மடியில் இருக்கும் பேரனின் முகம் மங்கும். அகலமோ அதைவிட மோசம். மூன்று மீட்டர் பின்னால் போய் நின்றாலும் சட்டகத்துக்குள் வருவது 1.3 மீட்டர் அகலந்தான். மூன்று பேர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தால் நிறைந்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மூன்று மீட்டர் பின்னால் போக இடமும் இருக்காது. எட்டுப் பேர் இரண்டு வரிசையாக உட்காரும் படத்துக்கு 18, 24 மிமீ போன்ற விரிந்த பார்வையும் எஃப் 5.6 போன்ற ஆழமும் தேவை. அப்படிச் சுருக்கிய திறப்புக்கு ஏற்ற ஒளியை வேறொரு விளக்கு வாங்காமல் கொடுக்கக்கூடியது கேமராவின் தலையில் மடங்கிக் கிடக்கும் அந்த ஃபிளாஷ்தான்.

ஜன்னல் வெளிச்சத்துக்கு வருகிறேன். பகலில், நேர் வெயில் படாத ஜன்னலின் பக்கம் உட்கார்ந்திருக்கும் முகத்துக்கு இணையான ஒளி எந்தக் கருவியிலும் இல்லை. அங்கே ஃபிளாஷைத் திறக்காதீர்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஜன்னலே போதும் என்ற பாடம் எழுதப்பட்ட ஊர்கள் வேறு. லண்டனில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி தாண்டுகிறது. குடும்பம் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதும் ஜன்னலில் வெளிச்சம் இருக்கும். சென்னையில் ஆண்டு முழுவதும் மாலை 5.40-க்கும் 6.40-க்கும் இடையில் பொழுது சாய்ந்துவிடுகிறது. பிறந்தநாள் கேக், கொலுவுக்கு வந்து போகிறவர்கள், வேலையும் பள்ளியும் முடிந்து எல்லாரும் ஒன்றாக இருக்கும் நேரம் என எல்லாமே விளக்கு வைத்த பிறகுதான். பாடம் வந்த ஊர்களில் இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு: ஃபிளாஷ் நீலமாக விழுகிறது, அறை ஆரஞ்சாகத் தெரிகிறது என்பது. 2,700 கெல்வின் மஞ்சள் விளக்குகள் எரியும் வீட்டில் அது நியாயம். நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6,500 கெல்வின் வெள்ளை டியூப். ஃபிளாஷின் ஒளி சுமார் 5,500. இரண்டும் அண்டை வீட்டுக்காரர்கள். கேமராவின் நிறச் சமநிலையை ஃபிளாஷ் குறியில் வைத்துவிட்டால் பெரிய முரண் எதுவும் தெரியாது. அழகுக்காகக் கூரையில் மஞ்சள் விளக்கு பதித்த புதிய வீடுகளில், படம் எடுக்கும் ஐந்து நிமிடத்துக்கு அதை அணைத்து டியூபைப் போட்டுக்கொள்ளலாம். வேறொரு நாட்டு வீட்டுக்கான நியாயத்தை இங்கே சட்டமாக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ஏன் ஃபிளாஷைத் திறந்தவுடன் எல்லாருக்கும் மோசமான படமே வருகிறது? கேமராவின் பச்சைக்கட்டத் தானியங்கி முறை இன்னும் பழைய ஃபிலிம் கணக்கைத்தான் பெரும்பாலும் போடுகிறது. கை ஆடிவிடுமோ என்று அஞ்சி ஷட்டரை 1/60-இல் நிறுத்துகிறது, ஐஎஸ்ஓவைத் தாழ்த்துகிறது, பொறுப்பு முழுவதையும் ஃபிளாஷ் மேல் போடுகிறது. அதை விட்டு வெளியே வந்தால் போதும். நிக்கானில் ஸ்லோ என்ற ஃபிளாஷ் முறையும் கேனானில் ஏவி முறையும் ஷட்டரைத் தாமே மெதுவாக்கி அறை வெளிச்சத்தை உள்ளே விடுகின்றன. சில சமயம் அரை வினாடி வரைகூட இழுத்துவிடும் என்பதால் நான் பரிந்துரைப்பது எம் என்னும் கைமுறையை. 1/30, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800 அல்லது 1600. கைமுறை என்றதும் பயப்படுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது, அந்த முறையிலும் ஃபிளாஷ் தன் அளவைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். அழுத்தியவுடன் ஒரு முன்மின்னலை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை லென்ஸ் வழியாகவே அளந்து, பிறகுதான் உண்மையான மின்னலை விடுகிறது. இதைத்தான் டிடிஎல் என்கிறார்கள். அது பெரும்பாலும் முழு வெளிச்சத்தையும் தானே தர முற்படும் என்பதால், ஃபிளாஷ் குறியோடு இருக்கும் கூட்டல் கழித்தல் அளவை மைனஸ் 1-க்கு இறக்க வேண்டும். ஃபிளாஷ் பாதி, அறை மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு வரை. கூட்டினால் ஏறத்தாழ ஒன்று. இதுவும் மாறாத விதியில்லை. வெள்ளை வேட்டி சட்டையில் நான்கு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் அளவி அந்த வெள்ளையைக் கண்டு ஏமாந்து ஒளியைக் குறைத்துவிடும். அப்போது பூஜ்யத்துக்கு ஏற்ற வேண்டும், சமயத்தில் அதற்கு மேலும். ஒரு படம் எடுத்துத் திரையில் பார்த்து மாற்றிக்கொள்வதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. 36 படச் சுருளைக் கழுவிவரும்வரை காத்திருந்த காலத்தில் இந்த வசதி யாருக்கும் இல்லை.

எங்கே உட்காரவைப்பது என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. சுவரோடு ஒட்டி நிற்கவைத்தால் நிழல் தலைக்குப் பின்னாலேயே வெட்டிவைத்ததுபோல் விழும். ஐந்தாறு அடி முன்னால் வரச்சொன்னால் அது கீழே இறங்கி, மங்கி, பல சமயம் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். நம் பழக்கம் விருந்தினரைச் சுவரோரம் வரிசையாக நிறுத்துவது. அந்தப் பழக்கத்தின் குற்றத்தையும் ஃபிளாஷ்தான் சுமக்கிறது. இரண்டு வரிசை என்றால் கிட்டப் போய் விரித்து எடுப்பதைவிடத் தள்ளி நின்று எடுப்பது நல்லது. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும். முன்வரிசை ஒன்றரை மீட்டரிலும் பின்வரிசை இரண்டரையிலும் இருந்தால், முன்னவர்கள் மேல் விழும் ஃபிளாஷ் பின்னவர்கள் மேல் விழுவதைப் போல் 2.8 மடங்கு. அதே வரிசைகளை மூன்று, நான்கு மீட்டரில் வைத்தால் 1.8 மடங்குதான். ஐஎஸ்ஓ 800-இலேயே ஃபிளாஷ் அவ்வளவு தூரம் எட்டும். பீரோ கண்ணாடி, டிவி திரை, மாலை போட்ட பெரியவர்களின் கண்ணாடிச் சட்டம் ஆகியவற்றுக்கு நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டாக நின்றால் எதிரொளி லென்ஸுக்கு வராது. ஃபிளாஷ் முன்னால் டிஷ்யூ காகிதம் ஒட்டச் சொல்லும் யோசனை ஒன்று நெடுநாளாக உலவுகிறது. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒளி மென்மையாவது விளக்கின் பரப்பு பெரிதாகும்போதுதான். நகம் அளவு விளக்கின் மேல் நகம் அளவு காகிதத்தை ஒட்டினால் ஒளியில் கொஞ்சம் அறையெங்கும் சிதறும், பெரும்பகுதி வீணாகும், நிழலின் விளிம்பு அப்படியே இருக்கும். ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்துப் பிடித்து ஒளியைச் சுண்ணாம்படித்த கூரைக்கு அனுப்பினால் மென்மை உண்மையாகவே வரும். வலிமை வெகுவாகக் குறைவதால் ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு குற்றச்சாட்டை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். வியர்த்த நெற்றி ஃபிளாஷில் மின்னும், கறுத்த தோலில் அது கூடுதலாகத் தெரியும். ஃபிளாஷின் அளவைக் குறைத்தால் அந்த மினுமினுப்பும் குறையும், துண்டால் ஒரு தடவை ஒற்றிக்கொண்டால் இன்னும் குறையும், முற்றாகப் போகாது. கண் சிவப்பது அப்படியில்லை. இருட்டில் விரிந்த பாவை வழியாக ஃபிளாஷ் உள்ளே போய், விழியின் பின்புறத்து இரத்தக் குழாய்களின் நிறத்தை ஏந்தி லென்ஸுக்கே திரும்புவதுதான் அது. அறையில் எல்லா விளக்கையும் போட்டால் பாவை சுருங்கும்; முகத்தை லென்ஸிலிருந்து சற்று விலக்கினாலும் போய்விடும். கேமராவின் கண்சிவப்புக் குறைப்பு முறை முன்கூட்டியே விளக்கைக் காட்டி ஏறக்குறைய ஒரு வினாடி தாமதிக்கிறது. அதற்குள் குழந்தையின் சிரிப்பு போய்விடும், அதை அணைத்துவிடுங்கள் என்பேன்.

கைக்குழந்தையின் கண்ணை ஃபிளாஷ் பாதிக்கும் என்ற அச்சம்தான் இந்தத் தடைக்கு எல்லாவற்றையும்விடப் பலமான தூண். வழக்கமான தூரத்திலிருந்து எடுக்கும் கேமரா ஃபிளாஷ் நலமான குழந்தையின் கண்ணுக்குக் கேடு செய்யும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. குறைமாதத்தில் பிறந்த சிசுக்களின் விழித்திரையைச் சோதிக்கும்போது கண் மருத்துவர்கள் விழிக்குள் நேராகவே பிரகாசமான ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கிறார்கள். முகத்தோடு ஒட்டிவைத்து அடிக்காமல் இருப்பது இங்கிதம். அதற்கு மேல் பயப்பட ஏதுமில்லை. மாறாக, ஃபிளாஷ் படம் குழந்தையின் கண்ணையும் உயிரையும் காத்துக்கொடுத்ததுண்டு. ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. ஃபிளாஷ் படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிவது அதன் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. பெற்றோர் வீட்டுப் படத்தில் அதைக் கவனித்து மருத்துவரிடம் போனதால் நோய் தெரியவந்த குழந்தைகள் உலகெங்கும் இருக்கிறார்கள். கண்புரையும் அப்படித் தெரியலாம், குழந்தை பார்க்கும் கோணத்தால் ஒரு கேடும் இல்லாமலும் அந்த வெள்ளை தெரியலாம். ஆனாலும் மறுபடி மறுபடி தெரிந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஃபிளாஷ் இல்லாத மங்கல் படத்தில் அந்த அடையாளம் பெரும்பாலும் தெரியாது.

ஃபிளாஷ் அந்த இடத்தின் இயல்பைக் குலைத்துவிடுகிறது என்பது கலை சார்ந்த ஆட்சேபம். ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் ஃபிளாஷைத் தொடாதவர். அவருடைய மரியாதையுணர்வு எனக்குப் புரிகிறது. குத்துவிளக்கின் ஒளியில் மட்டும் நடக்கும் பூஜையில், ஊதுவதற்கு முந்தைய மெழுகுவத்தி வெளிச்சத்தில், தூங்கும் குழந்தையின் முன்னால் நானும் ஃபிளாஷ் வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் ஃபிளாஷே கலைக்குப் பகை என்றால் வரலாறு ஒத்துக்கொள்ளாது. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளின் இருண்ட உள்ளறைகளை 1890-இல் வெளிவந்த தன் நூலின் வழியாக ஜேக்கப் ரீஸ் உலகுக்குக் காட்ட முடிந்தது மக்னீசியப் பொடியை எரித்து எழுப்பிய ஃபிளாஷால்தான். டயேன் ஆர்பஸும் மார்ட்டின் பாரும் பட்டப்பகலிலேயே ஃபிளாஷைப் போட்டு எடுத்தவர்கள். வீட்டில் எடுக்கும் படத்தின் முதற்கடமை, யார் யார் இருந்தார்கள், எப்படி இருந்தார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்வது. சூழலின் அழகை இரண்டாவதாக வைத்ததற்காக எந்தப் பேரக்குழந்தையும் பிற்காலத்தில் வருத்தப்படப் போவதில்லை.

இத்தனையும் கேமராவின் செனான் ஃபிளாஷைப் பற்றி. செல்போனில் அதே பெயரில் இருப்பது ஒரு எல்இடி. நொகியா 808 போன்ற சில பழைய போன்களைத் தவிர மற்றவற்றில் மின்னலே கிடையாது. அதன் ஒளி பலவீனமானது, நீண்டு எரிவது, அசைவை நிறுத்தாது. போனின் ஃபிளாஷைக் குறைசொல்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் 2018-இல் கூகுள் பிக்சல் கொண்டுவந்த இரவுமுறையும் அதைப் பின்பற்றியவையும் பல படங்களைக் கோத்து ஒன்றாக்குபவை. அசையாத அறையை அவை அற்புதமாகக் காட்டும், அசையும் குழந்தையைக் குழப்பிவிடும். போனின் இந்த அனுபவத்தையும் சேர்த்து வைத்து, ஃபிளாஷ் தேவையே இல்லாத பொருள் என்ற எண்ணம் கேமரா நிறுவனங்கள் வரை பரவிவிட்டது. 2008-இல் வந்த நிக்கான் டி700-இல் உள்ளமைந்த ஃபிளாஷ் இருந்தது. 2017-இல் வந்த டி850-இல் இல்லை. ரிக்கோ ஜிஆர் மூன்றாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையோ 2024-இன் பதிப்பு வரை விடாமல் வைத்திருக்கிறது. அதன் லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டர் மிக வேகமான அளவுகளிலும் ஃபிளாஷோடு ஒத்துழைக்கும் என்பதால் அங்கே அது ஒப்புக்கு வைத்ததும் இல்லை. தொழில்முறைக்காரர்கள் பெரிய ஃபிளாஷைத் தனியே வாங்கி மாட்டிக்கொள்வார்கள், அவர்களுக்கு நட்டமில்லை. வீட்டுக்காக ஒரே ஒரு கேமரா வாங்குகிறவர்தான் ஏமாறுகிறார். கடையில் மெகாபிக்சலையும் வீடியோவையும் விசாரிப்பதற்கு முன்னால், மேலே ஃபிளாஷ் எழும்புகிறதா, அதன் அளவைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறதா என்று அவர் கேட்க வேண்டும். இல்லை என்றால் வேறு மாடலை எடுத்துக்காட்டச் சொல்ல வேண்டும்.